இறங்காமல் செல்லும் சாலை

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் ஷராந்த் என்றொரு மாவட்டம் உண்டு. கொன்யாக் என்னும் மதுவகைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்த திராட்சைத் தோட்டங்கள் அங்கேதான் சரிவு சரிவாகப் படர்ந்து கிடக்கின்றன. அம்மாவட்டத்தின் சிற்றூர்களுள் ஒன்று பார்பெசியூ. பாரிசிலிருந்து போர்தோ வழியாக ஸ்பானிய எல்லையை நோக்கிச் சென்ற பழைய பத்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரின் வழியேதான் சென்றது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டையொன்று, கருநிறக் கோழியினம் ஒன்று, சந்தை ஒன்று: ஊரின் பெருமை இவ்வளவே. ஆயினும் கோடை விடுமுறையில் ஊர்தியோட்டி வருபவர்க்கு இவ்வளவே போதுமானது. அவர் விரைந்து செல்பவர் அல்லர். சாலையோர மரநிழலில் வண்டியை நிறுத்துவார். சந்தையில் முலாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குவார். அடுத்த ஊரில் என்றைக்குச் சந்தை என்று கேட்டறிந்து அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக்கொள்வார். ‘ஊர் பார்த்தல்’ என்று தமிழர் சொல்வதன் முழுப்பொருளும் இத்தகைய பயணத்தில் அடங்கியுள்ளது.

இனிச் சிலாங்கூர்க் கடற்கரைக்கு வருவோர், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊரைக் காண்பர். மலாய்மொழியில் ‘தெலுக்’ என்பது வளைவையும் வளைகுடாவையும் குறிக்கும், ‘பங்லிமா’ படைத்தலைவன், ‘காராங்’ சீற்றமுடையவன். சீறும் படைத்தலைவனின் வளைவு என்று பொருள்படும் இவ்வூரில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் நெருங்கி நிற்கின்றன. லங்காட் ஆற்றின் மேல் அமைந்த பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. பார்பெசியூவுக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவக்கூடும். முதல் விடை, ரப்பர். பிரெஞ்சுச் சாலையில் உருண்ட சக்கரத்தின் ஒரு பங்கு, கிள்ளான், லங்காட் பகுதிகளைப் போன்ற கீழைநாட்டுத் தோட்டங்களில் துளித்துளியாகச் சேர்ந்த பால். இரண்டாம் விடை, ஒரு மனிதர். மூன்றாம் விடை சற்றுக் கசப்பானது. அது சாலையில் யார் அமர்ந்து செல்லலாம், யார் இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கைப் பற்றியது.

முதலில் சந்தையைப் பற்றிச் சிறிது காணல் தகும். ஏனெனில் சாலைக்கு முன்பே தோன்றியது சந்தை. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஒவ்வோர் ஊரும் வாரத்தில் தனக்கென ஒரு நாளைச் சந்தைக்கு ஒதுக்கிக்கொண்டது. ஓர் ஊரின் நாளை மற்றோர் அண்டையூர் எடுத்துக்கொள்வது வணிகர்க்கு ஒவ்வாது. ஒரே வணிகர் ஊர் ஊராகச் சுற்றி வருபவராயிற்றே! பல ஊர்களில் தடித்த மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுக்கூரை மண்டபங்கள் சந்தைக்கென்றே எழுப்பப்பட்டு இன்றளவும் நிற்கின்றன. காலையில் கூடும் சந்தை நண்பகலில் கலைந்துவிடும். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கடற்கரையிலிருந்து வந்த சிப்பி, கோழி, கீரை என எல்லாம் விற்று முடிந்தபின் எஞ்சுவது உரையாடல்தான். மணம் பேசப்படுவதும் நிலம் விலைபேசப்படுவதும் வழக்குத் தீர்வதும் அங்கேயே.

இது தமிழர்க்குப் புதிதன்று. கிழமையின் பெயரையே ஊரின் பெயராக்கிய இனம் தமிழினம். நாமக்கல் வட்டாரத்தில் புதன்சந்தை, குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும், சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை எனப் பட்டியல் நீளும். மலாய் மக்களிடமும் இவ்வழக்கு உண்டு. அலோர் ஸ்டாரின் ‘பெக்கான் ராபு’ என்பது புதன்சந்தையே அன்றி வேறன்று. எனவே கப்பலேறி வந்த தமிழன் சந்தையை அறியாதவனாக மலாயாவில் கால் வைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த சந்தை வேறுவகையானது. அது கிழமைச் சந்தை அன்று. சம்பள நாள் சந்தை. கூலி கொடுக்கும் நாளில் துணிமூட்டை, வளையல், பலகாரம், பாத்திரம் ஆகியவற்றோடு வணிகர் லயங்களின் அருகே வந்து கடை விரிப்பர். வட்டிக்குக் கொடுத்தவரும் அன்றே வந்து நிற்பர். பிரெஞ்சுக் குடியானவன் சந்தைக்குச் சென்றான். தோட்டத் தமிழனிடம் சந்தை வந்தது. மேற்போக்காக நோக்கின் பின்னது வசதியெனத் தோன்றும். தோட்டம் தனியார் நிலம் என்பதையும், உள்ளே வருபவரும் வெளியே செல்பவரும் துரையின் இசைவுக்கு உட்பட்டவர் என்பதையும் எண்ணிப் பார்த்தால்தான் இவ்வேறுபாட்டின் ஆழம் விளங்கும். ஊர் பார்க்கச் செல்லுதல் ஒருபுறமிருக்க, உறவினர் வந்து பார்த்தலும் அங்கே எளிதன்று.

லங்காட் பகுதியை ஓய்வாகச் சுற்றிப் பார்த்து எழுதிவைத்த முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கவர் இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கில மாது. 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானிலிருந்து ‘அப்துல்சமாத்’ என்ற நீராவிப் படகில், அன்றைய ஆங்கிலேய ஆட்சியாளர் டக்ளசுடன் அவர் லங்காட்டுக்குச் சென்று சுல்தான் அப்துல் சமாத்தைக் கண்டார். அக்காலத்தில் ஆறே நெடுஞ்சாலை. சதுப்பிலே வேரூன்றிய அலையாத்திக் காடே சாலையோர மரம். ஐந்தாண்டுகளுக்கு முன்வரை கடற்கொள்ளையும் உள்நாட்டுப் போரும் நிலவிய கழிமுகம் அது. 1874இல் இளைஞராயிருந்த பிராங்கு சுவெட்டன்ஹாம் சுல்தானுக்கு அறிவுரையாளராக லங்காட்டிலேயே தங்கியிருந்தார். பேர்டு அம்மையாரின் பயணநூல் 1883இல் வெளிவந்தது. பயணத்தைப் பயணத்துக்காகவே மேற்கொள்ளும் பேறு அன்று எத்தகையோர்க்கு வாய்த்தது என்பதற்கு அந்நூலே சான்று.

அதே 1879ஆம் ஆண்டில்தான் பார்பெசியூவில் ஆன்றி ஃபோக்கொனியே பிறந்தார். மேலே குறித்த மனிதர் இவரே. 1905இல் கீழைநாடுகளை நோக்கிப் புறப்பட்ட அவர், கிள்ளானுக்கு வடக்கே சிலாங்கூர் ஆற்றின் கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். சொந்த ஊர் நண்பர் சிலரையும் வரவழைத்துக்கொண்டார். மலாய்மொழியோடு தமிழையும் கற்றார். 1930இல் அவர் வெளியிட்ட ‘மலேசி’ என்னும் புதினம் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. மலாய்ப் பந்துன்களைத் தாங்கிய அந்நூலில் தோட்டத் தமிழரும் இடம்பெறுகின்றனர். மலாயாவைப் பற்றிய பிரெஞ்சு இலக்கியம் என்றால் இன்றும் முதலில் சுட்டப்படுவது அதுவே. தமிழாசிரியர்க்கு அவர்பால் ஈடுபாடு தோன்றப் பிறிதொரு காரணமும் உண்டு. 1917இல் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. உலகச் சந்தையை நிறைத்த ஒரு பயிரின் மலாயா வரலாறு, தமிழன் வாய்மொழியில் வழங்கிய ஒரு மரப்பெயரில் தொடங்குகின்றது. அம்மரம் செம்பனை அன்று, தென்னை என்பது வேறு செய்தி!

ஃபோக்கொனியே தோட்டம் அமைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய தாயகச் சாலைகள் மாறத் தொடங்கியிருந்தன. கிளெர்மோன்-ஃபெரான் நகரின் மிஷெலின் உடன்பிறந்தார் இருவர் 1891இல் கழற்றி மாட்டக்கூடிய காற்றடைத்த மிதிவண்டி டயரை அறிமுகப்படுத்தினர். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய தம் ஊர்தியை ஓட்டிக் காட்டினர். 1900இல் ஊர்தியோட்டிகளுக்கென ஒரு சிறு வழிகாட்டி நூலை ஏறத்தாழ 35,000 படிகள் அச்சிட்டு விலையின்றி வழங்கினர். எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்பன அதில் இருந்தன. கைம்மாறு கருதாத ஈகையன்று அது. மக்கள் எவ்வளவுக்கெவ்வளவு ஊர் சுற்றுகின்றனரோ அவ்வளவுக்கவ்வளவு டயர் தேயும். டயர் தேயத் தேய வாணிகம் வளரும். இன்று உணவகங்களுக்கு விண்மீன் வழங்கும் புகழ்பெற்ற நூலின் பிறப்பு இதுவே. டயர் தேய்ந்தால் ரப்பர் வேண்டும்; ரப்பர் வேண்டுமாயின் விடியலில் பெரட்டுக்கு நின்று, கத்தியும் வாளியுமாகக் கித்தாக் காட்டுக்குள் நுழைய ஆட்கள் வேண்டும். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அவர்களைத் திரட்டி வந்தனர். மிஷெலின் நிறுவனமே 1920களில் வியத்நாமில் தோட்டங்களைத் திறந்தது. அவற்றுள் ஒன்றான ஃபூ ரியெங்கில் 1930இல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர்.

எனினும் பிரான்சிலும் எல்லாரும் ஊர் சுற்றிவிடவில்லை. ஊர்தி செல்வர்க்குரியதாக இருந்தது. பாரிசின் தொழிற்சாலைப் பணியாளன் ஊதியத்தோடு கூடிய விடுமுறையை அறியான். 1936 மே, சூன் திங்களில் பணியாளர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். லியோன் புளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு அவ்வாண்டு சூன் 20ஆம் நாள் இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. ஓய்வுத்துறையைக் கவனித்த லியோ லக்ராஞ்சு தொடர்வண்டிக் கட்டணத்தில் 40 விழுக்காடு குறைத்த சீட்டை ஏற்படுத்தினார். அக்கோடையிலேயே ஏறத்தாழ 600,000 பேர் அதனைப் பயன்படுத்தினர். சீட்டு வாங்க இயலாதவரும் விரும்பாதவரும் மிதிவண்டி ஏறினர். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இருவர் வண்டிகள் நாட்டுப்புறச் சாலைகளில் ஊர்ந்தன. கடலை முதன்முதலாகக் கண்டவர் அவர்களுள் எத்தனையோ பேர். பிரெஞ்சுச் சிற்றூர்களின் வழியே மெல்லச் செல்லும் கோடைப் பயணம் என்று இன்று உலகம் போற்றும் பழக்கம் பொதுமக்களின் உரிமையானது இவ்வாறுதான். அது தட்பவெப்பத்தின் கொடையோ, அவ்வினத்தாரின் இயல்பான சுவையுணர்வோ அன்று, போராடிப் பெற்றது.

ஐந்தாண்டு கழித்துக் கிள்ளான் வட்டாரத்திலும் மிதிவண்டி வரலாற்றில் நுழைந்தது. அவ்வரலாறு பள்ளிப் பாடநூல்களில் போதிய இடம் பெறாமை வருந்தத்தக்கது; ஆதலின் ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும்.

1930களின் முடிவில் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு அளவில் நின்றது; அதே பணிக்குச் சீனத் தொழிலாளி கூடுதலாகப் பெற்றான். போரினால் ரப்பர் விலை ஏறியது, அரிசி விலையும் ஏறியது, கூலி ஏறவில்லை. ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்டங்களில் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். 1941இல் வேலைநிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் கூலி உயர்வு உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல், நெடுநேர வேலையைக் குறைத்தல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் உண்டு. அவற்றோடு இரண்டு கோரிக்கைகள் சாலையைப் பற்றியவை. ஒன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லல். மற்றொன்று, ஐரோப்பியத் துரையின் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லல்.

இரண்டாவதைப் படிக்கும் இன்றைய மாணவர் வியப்படைவர். அது தோட்டத்தில் நிலவிய நடைமுறை. எதிரே துரையின் ஊர்தி வந்தாலும், கிராணியார் நடந்து வந்தாலும், வண்டியோட்டி வரும் தொழிலாளி கீழே இறங்கி நிற்றல் வேண்டும். பல மாதக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி. அதன் சக்கரத்தைச் சுற்றியிருந்தது அவனைப் போன்றோர் சீவி இறக்கிய பால். அதன்மேல் அமர்ந்திருக்கும் உரிமை அவனுக்கு இல்லை. கூலி உயர்வுக் கோரிக்கையை முதலாளிமார் கணக்கிட்டுப் பார்க்கக்கூடும். இறங்காமல் செல்லும் கோரிக்கைக்கு ஒரு காசும் செலவில்லை. செலவில்லாத கோரிக்கையே அவர்களைப் பெரிதும் சினமூட்டியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. காந்தி குல்லாய் அணிந்த இளைஞர் துரைமாரைக் கண்டும் இறங்காமல் மிதித்துச் சென்றதைத் தோட்ட நிருவாகத்தினர் கீழ்ப்படியாமையின் முதல் அடையாளமாகவே கொண்டனர்.

1941 மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் கிள்ளான் எல்லையைக் கடந்து சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே மாத நடுவில் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர், பலர் கப்பலேற்றப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தோட்டங்கள் அமைதியடைந்தன.

அவ்வமைதி ஏழு மாதங்களே நீடித்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, பிரிட்டிஷார் செப்பனிட்டு வைத்திருந்த சாலைகளிலேயே தெற்கு நோக்கி வந்தது. வந்தது எதன்மேல்? மிதிவண்டியின்மேல்! டயர் கிழிந்தபோது வெறும் இரும்பு வளையத்தின்மேலும் ஓட்டி வந்தனர். 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. மிதிவண்டியிலிருந்து இறங்கச் சொன்னவர் சாலையை விட்டே இறங்கிச் சென்ற காட்சியைத் தோட்ட மக்கள் கண்ணாரக் கண்டனர். அடுத்து வந்தவர் அவர்களை எங்கே கொண்டு சென்றனர் என்பது சயாம் மரண இரயில்பாதையின் வரலாறு. அது தனியே எழுதப்பட வேண்டியது.

போர் முடிந்தபின் இரு சாலைகளும் தத்தம் வழியில் மாறின. பிரான்சில் 1948இல் சித்ரோயன் நிறுவனத்தார் எளிய சிற்றூர்தி ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். மிஷெலின் பொறுப்பில் அந்நிறுவனம் வந்தபின் 1930களில் அதனை வடிவமைக்கத் தொடங்கியபோது பொறியாளர்க்கு இடப்பட்ட கட்டளை சுவையானது. மரக்காலணி அணிந்த குடியானவர் இருவர், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கோடு சந்தைக்குச் செல்ல வேண்டும். உழுத நிலத்தின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடைதல் கூடாது. சந்தைக்கென்றே பிறந்த ஊர்தி அது. பிற்காலத்தில் கோடைப் பயணிகளின் செல்ல வண்டியாயிற்று. விடுமுறையும் 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நான்காகவும், 1982இல் ஐந்தாகவும் வளர்ந்தது. மலேசிய வேலைச் சட்டம் இன்று வழங்கும் ஊதிய ஆண்டு விடுமுறை, பணிக்காலம் இரண்டாண்டுக்குட்பட்டோர்க்கு 8 நாள். ஐந்தாண்டுக்கு மேற்பட்டோர்க்கு 16 நாள்.

லங்காட் கரையில் ரப்பர் பின்வாங்கிச் செம்பனை முன்னேறியது. ஃபோக்கொனியே நட்ட பயிர் கேரித் தீவை முழுதும் மூடிக்கொண்டது எனலாம். 1971ஆம் ஆண்டின் தடையற்ற வணிக வட்டாரச் சட்டத்துக்குப் பின் தெலுக் பங்லிமா காராங்கில் அத்தகைய தொழிற்பேட்டையொன்று எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட, லயங்களிலிருந்த குடும்பங்கள் சாலையோரக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தன. சம்பள நாள் சந்தை மறைந்து கிழமைதோறும் கூடும் இரவுச் சந்தை நிலைபெற்றது. மலாய்க்காரரின் வறுத்த வாழைப்பழமும் சீனரின் காய்கறியும் தமிழரின் வடையும் ஒரே விளக்கொளியில் விற்பனையாகும் அச்சந்தைக்கு யாருடைய இசைவும் வேண்டுவதில்லை.

இச்சாலையில் பிரான்சு மீண்டும் ஒருமுறை வேறு வடிவில் குறுக்கிட்டது. 2018இல் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவைத் தடுத்தபின் அண்டையூராகிய ஜென்ஜாரோமில் இசைவு பெறாத கழிவாலைகள் பெருகிக் காற்றைக் கெடுத்தன. ஊர்மக்களே முறையிட்டு அவற்றை மூடச் செய்தனர். 2020 சனவரியில் மலேசிய அரசு பல துறைமுகங்களிலிருந்து தத்தம் நாடுகளுக்கே திருப்பியனுப்பிய 150 கழிவுக் கொள்கலன்களுள் 43 பிரான்சுக்கு உரியவை. எந்த நாட்டுக்கும் அதைவிட மிகுதியாகச் செல்லவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கிருந்து சென்றது பால். அங்கிருந்து வந்தது கழிவு. கணக்குப் பாடம் நடத்துவோர்க்கும் இது உதவக்கூடும்!

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை விடியலில் தெலுக் பங்லிமா காராங்கில் நின்று நோக்குவோர், கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மிதிவண்டிக் குழுக்கள் வண்ண உடையில் வருவதைக் காணலாம். லங்காட் பாலத்தைக் கடந்து, கேரித் தீவின் செம்பனை நிழற்சாலைகளில் அவர்கள் மெல்ல ஓட்டிச் செல்கின்றனர். தமிழ் இளைஞரும் அவர்களுள் உளர். எதிரே தோட்ட அலுவலரின் நான்கு சக்கர ஊர்தி வந்தால் ஒருகையை உயர்த்தி வணக்கம் தெரிவித்துவிட்டுத் தொடர்ந்து மிதிக்கின்றனர். அவர்கள் வண்டியை விட்டு இறங்குவது கடலுணவுக் கடையின் வாசலில்தான்.